சிங்கத்துக்கு முடிசூட்டியோர்

விலங்குகளை மாந்தராக்கிக் கதை சொல்லுதல் மிகப் பழைய வழக்கு. பஞ்சதந்திரத்திலே பிங்கலகன் என்னும் சிங்கம் அரசனாக வீற்றிருக்கிறது. நரிகள் அமைச்சராய் நின்று அவனுக்கும் எருதுக்குமிடையே நட்பையும் பகையையும் மாறி மாறி விளைவிக்கின்றன. அதனைப் படிப்போர் எவரும் காட்டிலே நரி அமைச்சுத் தொழில் பார்ப்பதாக எண்ணுவதில்லை. அரண்மனை வாழ்வைச் சொல்ல வந்த ஆசிரியன் அரண்மனையையே காட்டுக்குப் பெயர்த்துக்கொண்டான். சொல்வோனுக்கும் கேட்போனுக்குமிடையே அவ்வளவில் ஓர் உடன்பாடு இருந்தது. அந்த உடன்பாட்டைக் குறைகூறுவது நமது நோக்கமன்று.

உடன்பாடு முறிந்து, கற்பனையானது இயற்கை என்ற பெயரைச் சூடிக்கொண்டு வரும்பொழுதே விமர்சகனுக்கு வேலை உண்டாகிறது. டிஸ்னி நிறுவனம் 1994ஆம் ஆண்டிலே வெளியிட்ட ‘லயன் கிங்’, அதே கதையை 2019இல் கணினியின் துணைகொண்டு உயிருள்ள விலங்குகள்போற் காட்டிய இரண்டாம் படம், அதன் முன்கதையாக 2024இல் வந்த ‘முபாசா’ ஆகிய மூன்றும் ஆண் சிங்கம் ஒன்று பருவமெய்தித் தனக்கென ஒரு நிலத்தைப் பெறும் வரலாற்றையே பொருளாகக் கொண்டவை. பிறப்பும் இறப்பும் உண்பதும் உண்ணப்படுவதும் ஒரு வட்டம், அந்த வட்டத்தின் நடுவே நீதியான அரசன் நிற்கிறான் என்பது இவற்றின் தத்துவம். வட்டம் இயற்கையானது, ஆகவே அரசனும் இயற்கையானவன்! உயர்தர வகுப்பிலே விலங்கியல் பயிலும் மாணவர்கூட, சிங்கக் கூட்டத்தின் ‘அரசன்’ இறந்தால் மகன் பட்டத்துக்கு வருவான் என்று தயக்கமின்றிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாடநூல் அவர்களுக்கு அதனைக் கற்பிக்கவில்லை. படம் கற்பித்தது.

முதற் படத்தின் கதை யாவரும் அறிந்ததே. முபாசா என்னும் அரசனுக்கு மகன் பிறக்கிறான். முதிய குரங்கொன்று பாறையுச்சியிலே நின்று அக்குட்டியைத் தூக்கிக் காட்ட, கீழே கூடியுள்ள விலங்குகள் தலை தாழ்த்துகின்றன. நாளை தம்மை உண்ணப் போகிறவனுக்கு வரிக்குதிரைகள் மண்டியிடும் அக்காட்சி, வர்க்க சமுதாயம் தன்னைப்பற்றித் தானே வரைந்து கொண்ட சித்திரங்களுள் மிக வெளிப்படையான ஒன்று எனலாம். சிற்றப்பன் ஸ்கார் சூழ்ச்சியால் அண்ணனைக் கொன்று, பழியைக் குட்டி சிம்பாவின் மேற் சுமத்தி அவனை ஓட்டுகிறான். கழுதைப்புலிகள் நாட்டுக்குள் நுழைகின்றன. மழை பொய்க்கிறது, புல் கருகுகிறது. வளர்ந்த சிம்பா மீண்டு வந்து சிற்றப்பனை வெல்ல, வானம் பொழிகிறது. ஷேக்ஸ்பியரின் ‘ஹம்லெற்’ நாடகத்துக்கும் இதற்குமுள்ள ஒற்றுமையைப் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். ஆனால் ஹம்லெற்றின் ஐயமும் அலைவும் இங்கில்லை. டென்மார்க்கிலே நாற்றமெடுத்தது அரசு. இங்கே அரசிலே குறையில்லை, அமர்ந்தவன்தான் தவறானவன்.

செங்கோல் கோடினால் மழை பொய்க்கும் என்னும் எண்ணம் தமிழ் மாணவனுக்குப் புதியதன்று. குளம் வெட்டியவனும் வாய்க்கால் இறைத்தவனும் கணக்கில் வராமற்போக, மாதம் மும்மாரியை மன்னன் பெயரிலே பதிந்துவைத்த சிந்தனை அது. நிலப்பிரபுத்துவ காலப் புலவன் அதனைப் பாடியதிலே வியப்பில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே, உலகின் மிக வளர்ந்த முதலாளித்துவ நாட்டின் படத்தொழில், அதே சிந்தனையை வர்ணம் பூசிக் கோடிக்கணக்கான சிறுவர் முன் வைக்கிறதே, அதுதான் கவனிக்கத் தக்கது.

இனி, சிங்கங்களைப் பற்றி அறிந்தது என்ன என்று நோக்குவோம். தன்சானியாவின் செரெங்கெட்டிச் சமவெளியிலே ஜோர்ஜ் ஷாலர் 1966இல் ஓர் ஆய்வைத் தொடங்கினார்; அவரது நூல் 1972இல் வெளிவந்தது. அவருக்குப் பின் பிரையன் பேட்ரம், ஆன் பியூசி, கிரேக் பாக்கர் முதலியோர் பல தசாப்தங்களாக அவ்வாய்வை விடாது நடத்தினர். மீசை மயிர்களின் அடியிலுள்ள புள்ளிகள் விலங்குக்கு விலங்கு வேறுபடுவதைக்கொண்டு ஒவ்வொரு சிங்கத்தையும் தனித்தனி அடையாளங் கண்டனர். யார் எவருக்குப் பிறந்தது, எங்கே சென்றது, எவரால் ஓட்டப்பட்டது என்று தலைமுறை தலைமுறையாக எழுதிவைத்தனர். அரச வமிசாவளிகள்கூட இத்துணை நேர்மையாக எழுதப்பட்டதில்லை.

அவ்வரலாற்றிலே முதலிற் புலனாவது, நிலம் பெண்களுடையது என்பது. சிங்கக் குழு என்பது தாய், மகள், தமக்கை, தங்கை, பெரியம்மா, சின்னம்மா, பேர்த்தி என்று இரத்த உறவாலே பிணைந்த பெண்களின் கூட்டம். மகளிர் பெரும்பாலும் பிறந்த இடத்திலேயே தங்குவர். தங்காதோரும் பெரும்பாலும் அயலிலேயே புதுக்குழு அமைப்பர். ஒரு நீர்நிலையும் அதைச் சூழ்ந்த புதர்க்காடும் இவ்வாறு பல தலைமுறைக்கு ஒரே பெண்வழியின் கையில் இருக்கும். ஆண்கள் வருவர், போவர். ஆண்களின் தங்கல் பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுகளே. படத்திலே முபாசாவின் மனைவி சராபியும் ஏனைய பெண்களும் ஸ்காரின் கொடுங்கோலின் கீழ் வாடி, மீட்பனை எதிர்நோக்கிக் காத்திருக்கிறார்கள். உண்மையிலே காத்திருக்கும் வழக்கம் அவர்களுக்கில்லை. அந்நியப் பெண்களின் கர்ச்சனையை ஒலிபெருக்கி மூலம் எழுப்பி 1990களின் முற்பகுதியிலே செய்த சோதனைகளில், பெண் சிங்கங்கள் எதிரே கேட்ட குரல்கள் எத்தனை, தம் பக்கம் எத்தனை பேர் என்று எடைபோட்டு, தாம் கூடுதலாயின் முன்னேறியும் குறைவாயின் தயங்கியும் நின்றமை தெரியவந்தது. தம் எல்லையைக் காக்கும் அரசியல் அறிந்தவர்கள் அவர்கள்.

ஆண் குட்டியின் வாழ்வு வேறு. பிறந்த குழுவிலே அது தந்தையின் இடத்தைப் பெறுவதில்லை. அதுவே வழமை, விலக்கு மிக அரிது. இரண்டு வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையிலே, பிடரியிலே மயிர் அரும்பி அடர்த்தியாகும் காலத்தில், அது வெளியேறியாக வேண்டும். புதிய ஆண்கள் குழுவைக் கைப்பற்றும்போது துரத்தப்படுவது ஒரு வகை. தந்தையரே பொறுக்கமாட்டாது ஓட்டுவதும் உண்டு. பின் தொடங்குவது நாடோடி வாழ்வு. ஆண்டுதோறும் இடம்பெயரும் காட்டுமாட்டு மந்தைகளைப் பின்தொடர்ந்தும், பிற விலங்கு கொன்றதைத் தட்டிப் பறித்தும், பிறர் நிலத்தின் ஓரங்களிலே ஒதுங்கியும் அவ்விளைஞர் காலந் தள்ளுகின்றனர். ஒரு செய்தி இங்கே மிகவும் பொருளுடையது: நாடோடி ஆண்கள் பொதுவாகக் கர்ச்சிப்பதில்லை. பல கிலோமீற்றர் தூரம் கேட்கும் அக்குரல் நிலமுடையவனின் குரல். நிலமற்றவன் வாயை மூடிக்கொண்டு நடக்கிறான்.

சிம்பாவின் நாடுகடத்தல் எவ்வாறு கழிகிறது என்பதை இதனோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். கீரியினத்து நண்பன் ஒருவனும் காட்டுப்பன்றி ஒருவனும் அவனுக்குப் புழு தின்னவும் கவலை மறந்து பாடவும் கற்பிக்கின்றனர். பாடல் முடிவதற்குள் குட்டி வளர்ந்த ஆணாகிறது! அரசகுமாரனின் வனவாசம் ஒரு விடுமுறை. அவன் கற்க வேண்டியது எதுவுமில்லை. மறந்ததை நினைவூட்டினாற் போதும். வானத்திலே தோன்றும் தந்தையின் ஆவி அதைத்தான் செய்கிறது. எவன் மகன் என்பது நினைவுக்கு வந்ததும் நிலம் அவனுடையதாகிறது. உழைத்து வளர்வது என்னும் கருத்தே இக்கதையில் இல்லை. வேட்டை, பசி, காயம், தோல்வி என்பவற்றினூடே ஓர் உயிர் வலிமை பெறும் நெடிய இடைக்காலம், மெய்யான சிங்கத்தின் வாழ்விலே நாடகத்தன்மை நிறைந்த அப்பகுதி, ஒரு பாட்டிலே அமுங்கிப்போகிறது.

இதிலும் பெரிய குறை ஒன்றுண்டு. சிம்பா தனியனாக வளர்கிறான். அவனோடு வேறோர் ஆண் சிங்கம் இல்லை. மெய்யான காட்டிலே தனித்த ஆண் ஒரு குழுவைப் பெறுவது கடினம், பெற்றாலும் நிலைப்பதில்லை. ஆண்கள் கூடியே வெல்கிறார்கள். ஒரே காலத்திற் பிறந்த உடன்பிறந்தாரும் ஒன்றுவிட்ட சகோதரரும் ஒன்றாகவே வெளியேறி, ஒன்றாகவே அலைந்து, நான்கைந்து வயதளவில் ஒன்றாகவே ஓர் ஆள்புலத்தை எதிர்த்து நிற்கின்றனர். கூட்டுப் பெரிதாயின் வெற்றி எளிது, தங்கும் காலமும் நீளும். இக்கூட்டின் விதை தாயரிடமே இருக்கிறது. பெண் சிங்கங்கள் தம் குட்டிகளை ஒன்றாகச் சேர்த்து வளர்க்கின்றன. ஒன்றின் குட்டி மற்றொன்றின் முலையில் பாலுண்பதும் உண்டு. அந்தப் பொதுத் தொட்டிலிலே கிடந்த ஆண் குட்டிகளே பின்னர் தோளோடு தோள் நிற்கும் தோழர்களாகின்றன.

உடன்பிறந்தார் இல்லாதவன் கதி என்ன? அவன் வழியிலே தன்னைப் போன்ற மற்றோர் அநாதையைச் சந்தித்துச் சேர்ந்துகொள்கிறான். இருவரும் மூவருமாயுள்ள சிறு கூட்டுகளிலே இரத்த உறவு இல்லாதோர் இருப்பதைச் செரெங்கெட்டி ஆய்வு எடுத்துக்காட்டியது. 1995இலே வெளியான ஒரு சோதனையில், அந்நிய ஆணின் கர்ச்சனையைக் கேட்ட ஆண் சிங்கங்கள், பக்கத்தில் நிற்பவன் உறவினனோ இல்லையோ என்று பாராமலே குரல் வந்த திசைக்குச் சென்றன. தோழன் பார்க்க முடியாத இடத்திலிருந்தபோதும் பின்னிற்கவில்லை. பிறப்புரிமையைப் பாடும் படத்துக்கு இவர்களால் என்ன பயன்? ஆகவே இவர்கள் திரையிலே இடம்பெறவில்லை.

இவ்விடத்தில் முற்போக்கு அன்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை கூற வேண்டியுள்ளது. சிங்கங்களை அரசராக்கியோரைக் கண்டித்துவிட்டு, நாம் அவற்றைத் தொழிற்சங்கத்தினர் ஆக்கிவிடக் கூடாது. அக்கூட்டுகள் வென்ற பின் முதலிலே செய்யும் காரியம் குட்டிக்கொலை. முன்னைய ஆண்களுக்குப் பிறந்த இளங்குட்டிகளைப் புதியவர் கொன்றுவிடுகின்றனர். செரெங்கெட்டியிலே இறக்கும் குட்டிகளில் ஏறத்தாழ நான்கிலொன்று இவ்வாறு இறப்பதாக ஆய்வாளர் மதிப்பிட்டுள்ளனர். குட்டியை வளர்த்துக்கொண்டிருக்கும் தாய் ஒன்றரை இரண்டு ஆண்டுவரை மறுபடி கருவுறுவதில்லை. குட்டியை இழந்தவளோ விரைவிலே இணைசேரத் தயாராகிறாள். தங்கல் இரண்டு மூன்று ஆண்டே என்னும்போது இக்கொடுமையின் கணக்கு விளங்கும். அதே கொடுமையே, தாயர் பலரும் ஒரே காலத்திற் கருவுற்று ஒரே காலத்தில் ஈனவும் காரணமாகிறது. அவ்வாறு ஒருங்கு பிறந்த ஆண் குட்டிகளே நாளைய பெருங்கூட்டு. தந்தையர் செய்த கொலையிலிருந்து மைந்தரின் தோழமை பிறக்கிறது. முரண்பாடுகளின் இயக்கத்தைப் படித்தவர்களுக்கு இது அந்நியமாய்த் தோன்றாது. தோழமையிலும் சமத்துவம் முழுமையன்று: பெரிய கூட்டுகளிலே சிலரே பெரும்பாலான குட்டிகளுக்குத் தந்தையராக, ஏனையோர் துணைவராகவே காலங் கழிக்கின்றனர். உறவினரல்லாதோர் பெருங்கூட்டுகளிற் சேராமைக்கு இதுவே காரணம் என்பர்.

டார்வினின் நூலைப் படித்த கார்ல் மார்க்ஸ் 1862இலே எங்கெல்சுக்கு எழுதிய கடிதமொன்றில், விலங்குகளிடையேயும் தாவரங்களிடையேயும் டார்வின் தமது இங்கிலாந்துச் சமுதாயத்தையே, அதன் போட்டியோடும் சந்தைகளோடும் கண்டுபிடித்திருக்கிறார் என்ற கருத்தைக் குறும்போடு குறிப்பிட்டார். டார்வினின் பெருமையை அறிந்தே சொன்னது அது. குரொபொட்கின் 1902இல் ‘பரஸ்பர உதவி’ என்னும் நூலை வெளியிட்டு மறுதலையான சமுதாயத்தை அதே இயற்கையிற் கண்டார். இருவகைக் கண்ணாடிக்கும் நாம் எச்சரிக்கையாயிருத்தல் வேண்டும். சிங்கம் நமக்கு அறம் போதிக்கப் பிறந்ததன்று. படம் பொய் சொல்கிறது என்பதே நமது வழக்கு. காடு நல்லது என்று நாம் வாதிடவில்லை.

படம் தனது பொய்யை எத்துணை நுட்பமாக நிறத்திலும் ஏற்றுகிறது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுப் போதும். நல்லவன் முபாசாவுக்குச் செம்பழுப்புப் பிடரி; தீயவன் ஸ்காருக்குக் கரும் பிடரி. 2002இலே வெளியான ஓர் ஆய்வில் உயிரளவான பொம்மைச் சிங்கங்களுக்கு வெவ்வேறு பிடரி மாட்டிச் சமவெளியில் நிறுத்திப் பார்த்தனர். பெண்கள் கரும் பிடரியையே நாடின. கருமை நல்லூட்டத்தையும் வலிமையையும் குறிப்பது. ஸ்காரைச் சிங்கங்களின் கண்கொண்டு பார்த்தால் அவன்தான் அழகன்! கழுதைப்புலிகளுக்கு நேர்ந்ததும் இத்தகையதே. எல்லைக்கு வெளியே இருளிலே பசித்துக் கிடக்கும் கூட்டமாக அவை வருகின்றன. அமெரிக்க நகரங்களின் வறிய கறுப்பினத்தவர், மெக்சிக்க வமிசத்தினர் ஆகியோரின் பேச்சுச் சாயல் அவற்றின் வாயிலே வைக்கப்பட்டதைப் படம் வந்த காலத்திலேயே சிலர் கண்டித்தனர். ஆனால் ங்கொரொங்கொரோவிலே ஹான்ஸ் குரூக் நடத்திய ஆய்வு, கழுதைப்புலிகள் இரவிலே தாமே வேட்டையாடுவதையும், சிங்கங்கள் வந்து அவ்விரையைப் பறிப்பதையும் 1972ஆம் ஆண்டுக்குள்ளேயே அச்சிலே கொண்டுவந்துவிட்டது.

1994ஆம் ஆண்டுப் படம் கோட்டுச் சித்திரம். கற்பனை என்பதை அதன் கோடே சொல்லிக்கொண்டிருந்தது. 2019இன் படத்திலே ஜோன் பவ்ரோ அந்தக் கோட்டை அழித்துவிட்டார். மயிர் ஒவ்வொன்றும் காற்றிலசைகிறது. தசை தோலின் கீழ் உருள்கிறது. தூசி வெயிலிலே மின்னுகிறது. இலக்கிய விமர்சனத்திலே இயற்பண்புவாதத்துக்கும் யதார்த்தவாதத்துக்கும் இடையே நாம் காணும் வேறுபாட்டை விளக்க ஆசிரியருக்கு இதனினும் தகுந்த உதாரணம் கிடையாது. புறத்தோற்றம் முழுவதும் மெய். உறவுகள் முழுவதும் பொய். மயிரை எண்ணிய கலைஞன் சமுதாயத்தை எண்ணவில்லை. மெய்போன்ற தோல் பொய்யான உறவுக்குச் சாட்சியம் கூறுகிறது. அதனாலேயே இரண்டாம் படம் முதலாவதிலும் தீங்கானது.

எதிரிவீர சரச்சந்திர 1961இலே மேடையேற்றிய ‘சிங்கபாகு’ நாடகத்தை இதன் அருகிலே வைத்துப் பார்க்கலாம். அதுவும் சிங்கத்தின் மகன் ஒருவன் பருவமெய்தும் கதை. மகாவமிசத்திலுள்ள ஐதிகத்தின்படி அவன் தந்தைச் சிங்கத்தைக் கொல்கிறான். மேடையிலே சிங்கமாக வருபவன் வேடமணிந்த நடிகன். அவன் பாடுகிறான், ஆடுகிறான். விலங்கியல் கற்கிறோம் என்று அவையிலிருந்த எவரும் மயங்கியிருக்கமாட்டார். ஆயினும் மைந்தன்மேற் கொண்ட அன்பு தந்தையை அம்பின் முன் கொண்டுவந்து நிறுத்தும் அவ்விடத்திலே, தலைமுறை மாற்றத்தின் வேதனை அனைத்தும் வெளிப்பட்டுவிடுகிறது. இனப் பெருமைக்குச் சான்றாக இழுக்கப்படக்கூடிய ஒரு கதையை மனிதத் துயரமாக்கிய அந்நாடகத்தின் முன், கோடிக்கணக்கான டொலரில் விளைந்த மயிரசைவு வெறும் மயிரசைவே.

மூன்றாம் படமான ‘முபாசா’வை இவ்வளவு விரைவாகத் தள்ளிவிட முடியாது. அதனை இயக்கிய பரி ஜெங்கின்ஸ் கறுப்பின மக்களின் வாழ்வைப் படமாக்கிப் பெயர் பெற்றவர். பிறப்புரிமைக் கதையின் உட்புகுந்து அதனைக் கவிழ்க்க அவர் முயன்றிருக்கிறார். வெள்ளத்திலே அடியுண்டு பெற்றோரைப் பிரிந்த முபாசா அரச இரத்தமற்றவன். அந்நியக் குழுவொன்றிலே ஒதுங்கியவன். அரசகுமாரன் டாக்காவே பின்னர் ஸ்கார் ஆகிறவன். முபாசாவை அரசன் விரும்பாது பெண்களோடு ஒதுக்கிவைக்க, அவன் அவர்களிடமே வேட்டை கற்று வலிமை பெறுகிறான். பின்னர் உறவற்ற இரு இளைஞரும் நாடோடிகளாய் ஒன்றாக அலைகிறார்கள். நாம் மேலே கூறிய இரு உண்மைகளும், அதாவது தாயரின் அறிவும் உறவற்றோர் தோழமையும், இங்கே திரைக்கு வந்துவிட்டன. இந்நிறுவனத்தின் சிங்கப் படங்களிலே இதுவே உண்மைக்கு மிக அண்மையில் வந்தது என்று கூறுதல் தகும்.

ஆனால் வழி திறந்த இடத்திலேயே அடைபடுகிறது. ஒரு பெண்ணை முன்னிட்டுத் தோழர் பிரிகிறார்கள். டாக்கா காட்டிக்கொடுப்பவன் ஆகிறான். இரண்டு ஆண்கள் ஒரு நிலத்தைச் சேர்ந்து காத்தல், காட்டிலே நாள்தோறும் நடப்பது, கதாசிரியருக்குக் கற்பனைக்கு எட்டாததாகிறது. இறுதியிலே ஒருவன் மட்டுமே பாறைமேல் ஏற வேண்டும். அரச இரத்தத்தின் இடத்திலே தகுதி வந்தமர்கிறது. பாறையும் மண்டியிடுவோரும் அப்படியே. முடியாட்சிக்குப் பதில் முதலாளித்துவத்தின் ‘தன் முயற்சியால் உயர்ந்த மனிதன்’. ஒரு படி முன்னேற்றம்தான், ஒரு படியே. முந்திய படங்களின் கதைக்குப் பொருந்த முடிக்க வேண்டிய கட்டாயம் ஜெங்கின்சின் கையைக் கட்டியது என்று சிலர் கூறுவர். கையைக் கட்டும் ஒப்பந்தத்திலே கையெழுத்திட்டதும் அதே கைதானே.

மூன்று படங்களிலும் மனிதர் எவரும் இல்லை. சமவெளி ஆளற்றது. செரெங்கெட்டி 1951இலே தேசியப் பூங்காவாகியது. 1959இலே அங்கு மாடு மேய்த்து வாழ்ந்த மசாய் மக்கள் பிரித்தானிய ஆட்சியினரால் வெளியேற்றப்பட்டு ங்கொரொங்கொரோப் பகுதிக்குச் செல்ல நேர்ந்தது. ஆளற்ற காடு என்பது இயற்கை தந்ததன்று. ஆணை ஒன்றினால் உண்டாக்கப்பட்டது. 1939இலே சொலமன் லிண்டா என்னும் சூலுப் பாடகர் ‘ம்பூபே’, அதாவது சிங்கம், என்ற பாட்டை ஒலிப்பதிவு செய்தார். பத்துச் சிலிங்குக்கு உரிமையை இழந்து 1962இலே வறியவராக இறந்தார். அப்பாட்டின் ஆங்கில வடிவம் ‘லயன் கிங்’கிலே ஒலிக்கிறது. அவரது பெண்மக்கள் வழக்குத் தொடுத்த பின்னரே, 2006இல், ஒரு தீர்வு கிட்டியது. நிலத்திலும் பாட்டிலும் ஆபிரிக்கரை நீக்கிய பின்பே இச்சிங்கங்கள் அரசாளுகின்றன.

பருவமெய்தி வெளியேறும் இளம் ஆண்கள் மனிதரைச் சந்திக்குமிடம் பூங்காவின் எல்லை. நிலமுடைய ஆண்கள் நடுப்பகுதியைக் காத்து நிற்க, நிலமற்ற இளைஞர் ஓரத்துக்குத் தள்ளப்படுகின்றனர். ஓரத்திலே ஏழை இடையனின் மாடு நிற்கிறது. மாட்டை இழந்தவன் ஈட்டியோ நஞ்சோ எடுக்கிறான். அவனைக் கொடியவன் என்பது எளிது. வெளிநாட்டுச் செல்வர் துப்பாக்கியோடும் அம்போடும் காத்து நிற்பதும் அதே எல்லையில்தான்.

சிம்பாப்வேயின் ஹுவாங்கே பூங்காவிலே வாழ்ந்த செசில் என்னும் சிங்கத்தின் வாழ்வை எந்தத் திரைக்கதைக்கும் மேலாகச் சொல்லலாம். ஆபிரிக்க மண்ணை அபகரித்த செசில் ரோட்சின் பெயரை அதற்கு வைத்ததை என்னென்பது! 2009இலே நிலமுடைய குழுவோடு நடந்த போரில் அதனோடு வந்த சகோதரன் மடிந்தது. செசில் வேறிடம் சென்று பெரிய குழுவொன்றைப் பெற்றது. 2013இலே இளம் ஆண்கள் இருவர் அதனையும் ஓட்டிவிட்டனர். பூங்காவின் கிழக்கெல்லைக்கு ஒதுங்கிய அது, உறவற்ற ஜெரிக்கோ என்னும் ஆணோடு கூட்டுச் சேர்ந்து மீண்டும் குழுக்களைப் பெற்றது. 2015 யூலையிலே, ஏறத்தாழ 50,000 டொலர் செலுத்திய அமெரிக்கப் பல்வைத்தியர் ஒருவர் அதனை எல்லைக்கப்பால் அம்பெய்து கொன்றார். செசிலின் குட்டிகளை ஜெரிக்கோ கொன்றுவிடும் என்று உலகப் பத்திரிகைகள் அஞ்சின; யாவரும் மனத்திலே ஸ்காரை வைத்திருந்தனர் போலும். ஜெரிக்கோ குட்டிகளை அழிக்கவில்லை, அக்குழுவோடே நின்றது. அமெரிக்காவிலே கல்வி கற்றுக்கொண்டிருந்த சிம்பாப்வே மாணவர் ஒருவர் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ இதழிலே, எம் ஊரில் சிங்கத்துக்காக எவரும் அழுவதில்லை, அதற்கு அஞ்சி வாழ்கிறோம் என்ற கருத்திலே எழுதினார். வடக்கின் கண்ணீருக்கு அவ்வளவு நேர்மையான மறுமொழி வேறு வந்ததாக நானறியேன்.

ஆறு வயதுக்குக் குறைந்த ஆணை வேட்டையாடக் கூடாது என்னும் விதியைப் பாக்கரும் அவரோடு சேர்ந்தோரும் முன்மொழிந்தனர். மூக்கின் நிறம் கருமையாவதைக் கொண்டு வயதை அறியலாம் என்றும், ஆறு வயதுக்குள் ஓர் ஆண் தன் முதற் குட்டிகளை வளர்த்துவிட்டிருக்கும் என்றும் கணக்கிட்டனர். 2017 யூலையிலே செசிலின் மகன்களுள் ஒன்றான சாண்டா, ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர் இட்ட கழுத்துப்பட்டியோடு, அதே ஹுவாங்கேயின் எல்லைக்கு வெளியே வேட்டைக்காரராற் சுடப்பட்டது. அதற்கு அப்பொழுது வயது ஆறு. சட்டத்துக்குப் போதுமான வயது. அதன் குட்டிகள் அப்பொழுதும் சிறியவையாயிருந்தன.